எலும்புப்புரைக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது? (சுங்கை சிப்புட் பக்கம்)

வாசகி ஒருவரின் கேள்வி, 3 மார்ச் 2024

என் மாமியாருக்கு 67 வயது. பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டை அவிழ்த்த டாக்டர், "எலும்பு கூடிவிட்டது, இனி வரத் தேவையில்லை" என்றார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய்) இருக்கும், ஸ்பெஷலிஸ்டைப் பாருங்கள் என்கிறார். எலும்பு டாக்டரே பார்த்துவிட்டாரே, இன்னும் எந்த ஸ்பெஷலிஸ்ட்? நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட் தாண்டி ஒரு தோட்டத்தில். கார் கணவரிடம், கணவர் வேலையில்.

3 மார்ச், இரவு

எலும்பு டாக்டர் உடைந்த இடத்தைப் பார்த்தார். ஏன் உடைந்தது என்று யார் பார்த்தார்கள்? நின்ற உயரத்திலிருந்து விழுந்து இந்த வயதில் மணிக்கட்டு உடைந்தால், எலும்பு பலவீனமாக இருக்கிறது என்று சந்தேகப்பட்டே ஆகவேண்டும். "இனி வரத் தேவையில்லை" என்றது மணிக்கட்டுக்கு. மாமியாருக்கு அது பொருந்தாது.

நானும் உங்கள் பக்கம்தான். செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கிராணி (குமாஸ்தா). அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது 74. அவருக்கும் மணிக்கட்டில்தான் ஆரம்பித்தது. கட்டு அவிழ்த்து அனுப்பிவிட்டார்கள், மேற்கொண்டு யாரும் எதுவும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார், முதுகு பிடித்துக்கொண்டது. வாயு என்றார்கள், சதைப்பிடிப்பு என்றார்கள், தைலம் தேய்த்தோம். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தால் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது.

நேராக ஸ்பெஷலிஸ்டைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடும்ப மருத்துவ நிபுணர், அதாவது எஃப்எம்எஸ், எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் தினமும் இருக்கமாட்டார். மணிக்கட்டு எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் கடிதம், மாமியார் சாப்பிடும் எல்லா மருந்தும் (நாட்டு மருந்து, பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது உட்பட) ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரத்தப் பரிசோதனைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக் கடிதத்துக்கும் அங்கிருந்துதான் வழி. அந்தக் கடிதத்தோடு போனால் அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் செலவும் மிகக் குறைவு.

4 மார்ச்

விட்டுப்போன ஒன்று. காகிதமும் பென்சிலும் போதும்: எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2-ஆல் பெருக்குங்கள். ஓஸ்டா கணக்கு என்பார்கள், ஆசியப் பெண்களுக்காகவே செய்தது. விடை -1-க்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு, -1-இலிருந்து -4 வரை நடுத்தரம், -4-க்கும் கீழே போனால் அதிகம். அம்மா 46 கிலோ, 74 வயது. 46-இல் 74 போனால் -28, பெருக்கினால் -5.6. இதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

ஆனால் இது மெலிந்தவர்களைக் கண்டுபிடிக்கிற கணக்கு. மாமியார் பருமன் என்றால் நல்ல எண் வரும், அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். ஏற்கெனவே ஒன்று உடைந்தவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

6 மார்ச்

கீழே ஒரு தம்பி "இது சீனப் பாட்டிகளுக்கு வருகிற நோய், காண்டா (தோளில் பாரம் சுமக்கும் கம்பு) தூக்கிய நம் பெண்களுக்கு வராது" என்று எழுதியிருக்கிறார். அம்மாவும் இதையேதான் சொன்னார்: "காண்டா தூக்கின உடம்பு இது, எனக்கென்ன?"

பாதி உண்மை இருக்கிறது. மலேசியாவில் 1996-97 கணக்கெடுப்பில் இடுப்பு எலும்பு முறிவு சீனப் பெண்களிடம்தான் அதிகம். பாரம் தூக்கும் வேலை எலும்புக்கு நல்லது என்பதும் சரி. ஆனால் இளமையில் சேர்த்த எலும்பு மாதவிடாய் நின்றபின் வேகமாகக் கரைகிறது, முதல் சில வருஷங்களில் இன்னும் வேகம். அம்மாவுக்கு 44 வயதிலேயே நின்றுவிட்டது. 45-க்கு முன்னால் நின்றால் அதுவே ஒரு ஆபத்துக் காரணம், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். அந்தக் காலத்து லயத்து வீட்டில் பால் யார் குடித்தார்கள்? கிடைத்த பால் பிள்ளைகளுக்கு, மிஞ்சியது டீக்கு.

அப்புறம் வெயில். வெயில் நாடு, வைட்டமின் டி குறையவே குறையாது என்று நினைக்கிறோம். கருத்த தோலுக்கு அதே அளவு டி தயாரிக்கக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். அம்மா வேலையை விட்டதிலிருந்து மாடி வீட்டில் டிவி முன்னால். டி பரிசோதனை செய்தபோது குறைவு என்றே வந்தது.

அம்மாவின் இன்னொரு வாதம்: "தினமும் வெத்தலையில சுண்ணாம்பு போடறேன், அது கால்சியம் இல்லையா?" கேட்ட டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறது, கூடவே பாக்கும் இருக்கிறது, பாக்கு வாய்ப்புற்றுக்கு வழி. அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்றார்.

9 மார்ச்

பேரங்காடியில் பால்மாவு விற்கிறவர்கள் குதிகாலை ஒரு பெட்டியில் வைத்து "எலும்பு வயது" சொல்கிறார்களே, அது போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. அது அல்ட்ராசவுண்ட். சந்தேகத்தைக் கிளப்பலாம், நோயை முடிவு செய்ய முடியாது, சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கவும் உதவாது. என் அண்ணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது, பக்கத்தில் நின்ற தோழிக்குச் சிவப்பு. இரண்டு பேருமே பால்மாவு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

செய்யவேண்டியது டெக்ஸா, எலும்பின் அடர்த்தியை அளக்கிற எக்ஸ்ரே. படுக்க வைத்து இடுப்பையும் கீழ்முதுகையும் எடுப்பார்கள். வலி இல்லை, கதிர்வீச்சு மிகக் குறைவு. நம் ஊரில் கிடையாது, ஈப்போதான் போகவேண்டும்.

17 மார்ச்

டெக்ஸா ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

டி-ஸ்கோரை (T-score) பாருங்கள். திடமான இளம்வயதுப் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்ட எண் அது. -1 வரை சாதாரணம், -1-க்கும் -2.5-க்கும் நடுவில் குறைவு, -2.5 அல்லது அதற்கும் கீழே எலும்புப்புரை. உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவு இது. பக்கத்திலேயே இசட்-ஸ்கோர் என்று ஒன்று இருக்கும். அது அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டது. சிலர் அதைப் பார்த்துவிட்டு "வெறும் -0.8தான்" என்று சந்தோஷப்படுகிறார்கள். பக்கத்துப் படுக்கைப் பாட்டியும் உங்களைப்போலவே பலவீனம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

இப்போது வேடிக்கையான பகுதி. அம்மாவின் முதுகு எண் -1.9, இடுப்பு எண் -3.1. முதுகுதானே நசுங்கியது, அது எப்படி நன்றாக இருக்கும்? நசுங்கிய எலும்பு அடர்த்தியாகத் தெரியும். வயதான முதுகில் மூட்டு வாதத்தால் வளர்ந்த எலும்பு முட்களும், இரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பும் எண்ணை உயர்த்திக் காட்டும். அதனால் வயதானவர்களுக்கு இடுப்பு எண்ணை நம்பலாம். முதுகெலும்போ இடுப்போ லேசான விழுகையில் உடைந்திருந்தால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான்.

ஃப்ராக்ஸ் என்று 2008-இல் வந்த ஒரு கணக்கும் உண்டு, அடுத்த 10 வருஷத்தில் உடைய எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். சிங்கப்பூருக்கான பட்டியலில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று தனித்தனியாகவே இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகை நீரிழிவை அது கணக்கில் எடுப்பதில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களின் எலும்பு, ஸ்கோர் காட்டுவதைவிடச் சீக்கிரம் உடைகிறது. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இனிப்பு நீர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

11 ஏப்ரல்

நோன்புப் பெருநாள், கிளினிக் மூடல். கடிதம் வாங்கப் போன வாசகி பக்கத்து மக்சிக் (மலாய் அத்தை) வீட்டில் ரெண்டாங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டாராம். சரி, அடுத்த வாரம்.

22 ஏப்ரல்

தலைப்புக் கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்று கோலகங்சார் அண்ணன் கோபிக்கிறார். சொல்கிறேன்.

எலும்புப்புரைக்கென்று தனி டாக்டர் கிடையாது. இதுதான் முதல் சிக்கல். உடைந்ததை வைத்துக் கட்டுவது ஆர்த்தோ. ஹார்மோன், தைராய்டு, பாராதைராய்டு (இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பி), வைட்டமின் டி எல்லாம் எண்டோகிரைன். மூட்டு வாதத்துக்கு ஸ்டீராய்டு எடுக்கிறவர்களை ருமட்டாலஜி பார்க்கும். அடிக்கடி விழுகிற, பத்து மருந்து சாப்பிடுகிற முதியவர்களுக்கு ஜெரியாட்ரிக் டாக்டர் பொருத்தம். மாதவிடாய் சீக்கிரம் நின்ற 50 வயதுக்காரருக்கு மகப்பேறு மருத்துவரிடமே ஆரம்பிக்கலாம். அரசாங்கத்தில் எண்டோகிரைன் என்றால் புத்ராஜெயா மருத்துவமனைக்குப் பெயர். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் செராஸில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் இருக்கின்றன. சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் போய் வரலாம், ஆனால் முதுகு நசுங்கியவரை உட்கார வைத்துக் கூட்டிப்போவது நமக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் சுற்றிப் பார்த்தபின் என் அபிப்பிராயம்: கதவில் தொங்கும் பட்டத்தைவிட, அந்த டாக்டர் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். இரத்தம் எடுக்காமல் மருந்து எழுதுகிறாரா? அப்படியானால் வேறு ஆளைத் தேடுங்கள். கால்சியம், பாஸ்பேட், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, வைட்டமின் டி, இரத்த எண்ணிக்கை, தேவைப்பட்டால் பாராதைராய்டு, எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கான புரதப் பரிசோதனை. இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருந்தால், எலும்புப்புரை மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன்? உயரம் அளந்தாரா? அம்மா பல வருஷமாகச் சேலை தரையில் இழுபடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், கொசுவத்தை ஏற்றிச் செருகிக்கொண்டார். ஐசி (அடையாள அட்டை) எடுத்த காலத்தில் இருந்ததைவிட 5 சென்டிமீட்டர் குறைந்திருந்தார். 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தாலே முதுகை எக்ஸ்ரே எடுக்கவேண்டும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நசுங்கலில் பாதிக்கு மேல் சத்தமில்லாமல் நடக்கிறது.

கடைசியாக நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி: "இந்த மருந்து எத்தனை வருஷம், அது முடிந்தால் அடுத்து என்ன, அதை யார் கொடுப்பார்?" இதற்குப் பதில் வைத்திருக்கிறவர் எஃப்எம்எஸ்ஸாக இருந்தாலும் அவரே உங்கள் ஸ்பெஷலிஸ்ட்.

23 ஏப்ரல்

ஒரு டாக்டர் தங்கை தனியாக எழுதியிருந்தார்: ஆர்த்தோவை ரொம்பக் குறைத்துப் பேசவேண்டாம், சில பெரிய மருத்துவமனைகளில் எலும்பு முறிந்தவர்களைப் பின்தொடர்ந்து பரிசோதனை செய்து மருந்து ஆரம்பிக்கும் பிரிவை நடத்துவதே ஆர்த்தோதான் என்று. நியாயம். சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது கட்டு அவிழ்க்கிற அறையோடு கதை முடிகிற இடங்களை.

5 மே

மாத்திரை. பெரும்பாலும் அலெண்ட்ரோனேட்டில்தான் ஆரம்பிப்பார்கள், வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம். எழுந்தவுடன் வெறும் வயிறு, ஒரு பெரிய டம்ளர் பச்சைத்தண்ணீர், அப்புறம் அரைமணி நேரம் படுக்கக்கூடாது, வேறு எதுவும் சாப்பிடக்கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும், அதற்குத்தான் இந்தக் கெடுபிடி.

எங்கள் வீட்டில் யுத்தமே இதில்தான். அம்மா விடிகாலை நான்கு மணிக்கு எழுகிற ஆள், பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பது) போன பழக்கம் இன்னும் போகவில்லை. எழுந்ததும் கோப்பி-ஓ இல்லாமல் உலகம் இயங்காது. மாத்திரையைக் கோப்பியோடு விழுங்கிவிட்டு "சாப்பிட்டேன்" என்பார். கோப்பியோடு எடுத்தால் உடம்பில் ஏறுவது பாதிக்கும் கீழே போய்விடும், அந்த மருந்து வெறும் வயிற்றிலேயே ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஏறும். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். பேச்சுவார்த்தை இல்லை.

கால்சியம் மாத்திரையை அதே வேளையில் போடக்கூடாது, சாப்பாட்டோடு தள்ளிப் போடவேண்டும். பாக்கெட்டில் கால்சியம் கார்பனேட் 1250 என்று இருந்தால் அதில் சுத்தக் கால்சியம் 500 மில்லிகிராம்தான். ஒரு நாளைக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1000 முதல் 1200. ஒரு டம்ளர் பால் 300 பக்கம் தரும். கேழ்வரகு 100 கிராமில் 340 சொச்சம், முள்ளோடு தின்கிற நெத்திலியும் டௌஃபூவும் நல்லது. உணவிலேயே கிடைத்தால் மாத்திரையைக் குறைக்கலாம்.

19 ஜூன்

அம்மாவின் மாத்திரை நின்றது. நெஞ்செரிச்சல். கோப்பியா மாத்திரையா எது காரணம் என்று வாதாடாமல், டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற சோலெட்ரானிக் அமிலத்துக்கு மாற்றினார். 5 மில்லிகிராம், ஊசிவழி, கால்மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றவேண்டும். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்தார்கள். சிறுநீரகக் கணக்கு, அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 35-க்கு மேல் இருக்கவேண்டும் (அம்மாவுக்கு 52). வைட்டமின் டி சரியாகியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கிவிடும்.

மூன்றாவது பல். வெற்றிலைப் பல் உங்களுக்கே தெரியும். ஆடிக்கொண்டிருந்த ஒன்றை அரசாங்கப் பல் கிளினிக்கில் பிடுங்கி, ஆறவிட்டு, அப்புறம்தான் ஊசி. இந்த மருந்துகளில் இருக்கும்போது பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும். அபூர்வம்தான், ஆனால் முன்னாலேயே முடித்துவிட்டால் அந்தக் கவலையும் வேண்டாம்.

21 ஜூன்

ஊசிக்கு மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. கீழ்வீட்டில் டெங்கி வந்து போன வாரம் அது, வீடே கலங்கிவிட்டது. முதல் ஊசிக்கு இப்படி வருவது சகஜம், பெரும்பாலும் மூன்று நாளில் போய்விடும், அடுத்தடுத்த வருஷம் குறையும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பாராசிட்டமால், நிறையத் தண்ணீர். இருந்தாலும் டெங்கி ஊரில் காய்ச்சல் நீடித்தால் இரத்தம் எடுத்துவிடுங்கள், ஊசிக் காய்ச்சல் என்று உட்கார்ந்திருக்கவேண்டாம்.

14 ஜூலை

தடம் மாறுகிறேன். பீடோர் அண்ணன் கேட்டது: ஆண்களுக்கு வருமா? வரும். அவருக்கு 61, முழங்கால் வலிக்குப் பல வருஷமாக ஒரு மூலிகை மாத்திரை, பசார் மாலத்தில் வாங்குவது. "போட்ட அன்றே வலி பறந்துவிடும்" என்று அவரே புகழ்ந்து எழுதியிருந்தார். முகம் உருண்டையாகிவிட்டது, தொட்டால் தோல் கன்றுகிறது, வயிறு பெருத்துக் கைகால் சூம்பியிருக்கிறது.

அண்ணா, போட்ட அன்றே பறக்கிற மூலிகை கிடையாது. ஜாமு, மக்ஜூன் என்று விற்கிற இந்த நாட்டு மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு வருஷா வருஷம் எச்சரிக்கிறது. இரண்டும் ஸ்டீராய்டு. தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் போனாலே எலும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். டப்பாவில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, பாரம்பரிய மருந்துக்கு அது T எழுத்தில் முடிகிறதா, ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை என்பிஆர்ஏ (மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பு) இணையதளத்தில் போட்டுத் தேடினால் அதே பெயர் வரவேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டு நிறுத்துவது. நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க முடியாமல் மயங்கி விழுவீர்கள், உயிருக்கே ஆபத்து. டப்பாவோடு கிளினிக்குக்குப் போங்கள்.

15 ஜூலை

"அப்படியானால் கள் மூலிகைதானே?" என்று பீடோர் அண்ணன் கேட்கிறார். இல்லை அண்ணா, கள்ளும் மூலிகை இல்லை.

25 ஆகஸ்டு

புரோலியா, அதாவது டெனோசுமாப் பற்றிக் கேட்டவர்களுக்கு. இதை நிதானமாக எழுதவேண்டும், எங்கள் குடும்பத்தில் பட்டது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் 60 மில்லிகிராம் ஊசி. நல்ல மருந்து. எலும்பு அடர்த்தி வருஷா வருஷம் ஏறும், வயிற்றைக் கெடுக்காது. பிரச்சினை நிறுத்தும்போது. சோலெட்ரானிக், அலெண்ட்ரோனேட் எல்லாம் எலும்பிலேயே படிந்து தங்கிவிடும், அதனால் மாத்திரை 5 வருஷம், ஊசி 3 வருஷம் போனபின் ஆபத்து குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு விடுவார்கள். டெனோசுமாப் தங்காது. ஊசி தவறினால் அடைத்து வைத்திருந்த எலும்புக் கரைப்பு மதகு திறந்த மாதிரி ஒரேயடியாகக் கிளம்பும், முள்ளெலும்புகள் ஒன்றுக்கு மேல் நசுங்கலாம்.

சின்னம்மாவுக்கு வேறு ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் போட்டார்கள். இரத்தமும் எடுக்கவில்லை, நிறுத்தக்கூடாது என்றும் சொல்லவில்லை. போட்ட டாக்டர் மாறிப்போய்விட்டார், கிளினிக்கிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஊசி பல நூறு வெள்ளி (ரிங்கிட்), வலியும் இல்லை, எதற்கு என்று சின்னம்மாவும் விட்டுவிட்டார். அந்த வருஷக் கடைசியில் விழாமலேயே இரண்டு முள்ளெலும்பு. பேரனைத் தூக்கக்கூட இல்லை, பஸ் குழியில் இறங்கியதுதான்.

ஆகவே அந்த ஊசியை ஆரம்பிக்கும் நாளிலேயே அடுத்த தேதி காலண்டரில் ஏறவேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. விடவேண்டி வந்தால் அலெண்ட்ரோனேட்டோ சோலெட்ரானிக்கோ கொடுத்து மூடவேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இன்னும் கவனம்: கால்சியம் மோசமாக இறங்கும் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. சிறுநீரக டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

8 செப்டம்பர்

சின்னம்மா கதையைப் படித்துவிட்டு ஊசியை உடனே நிறுத்தப் போவதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஐயோ, நேர் எதிர். நிறுத்தாதீர்கள் என்பதற்காக எழுதியது அது.

29 செப்டம்பர்

இது எனக்குள்ளேயே ஓடுகிறது. முள்ளெலும்பு நசுங்கியவர்களுக்கு எலும்பை வளர்க்கும் மருந்தை முதலில் கொடுத்து, அப்புறம் காக்கும் மருந்துக்கு மாறுவது நல்ல பலன் தருகிறது என்கிறார்கள். டெரிபராடைட் தினமும் ஒரு ஊசி, அதிகபட்சம் 24 மாதம். ரோமோசோசுமாப் மாதம் ஒருமுறை, 12 மாதம். வரிசை முக்கியம், வளர்ப்பது முதலில். அம்மாவுக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை?

கேட்டேன். அம்மாவுக்கு முன்பு லேசான பக்கவாதம் வந்திருக்கிறது, ரோமோசோசுமாப் அதனால் ஒதுங்கியது. டெரிபராடைட் செலவு எங்கள் கைக்கு மீறியது, தினமும் ஊசி என்றதும் அம்மா "இனிப்பு நீர்காரி மாதிரி ஆக்கப் பார்க்கிறியா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சொன்னார்: காகிதத்தில் சிறந்த மருந்து, எடுக்காமல் விட்டால் மிக மோசமான மருந்து. ஒத்துக்கொண்டேன். ஆனாலும் கடன் வாங்கியாவது முதல் வருஷத்தில் போட்டிருக்கலாமோ என்று சில இரவு தோன்றுகிறது. வசதி உள்ளவர்கள், புதிதாக முதுகு நசுங்கியவர்கள், இந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். காக்கும் மருந்து ஆரம்பித்தபின் கேட்டால் பலன் குறைவு.

3 நவம்பர்

தீபாவளி முடிந்தது. அம்மா குனிந்து கோலம் போட முயன்று பேத்தியிடம் பிடிபட்டார்.

முதுகு நசுங்கியவர்கள் இடுப்பிலிருந்து முன்னால் குனிவது, குனிந்தபடி திரும்புவது இரண்டும் ஆபத்து. ஈர்க்கு விளக்குமாற்றுக்கு நீளக் கைப்பிடி போட்டுக்கொடுத்துவிட்டோம். உடம்பு பிடித்துவிடுகிற உருட்டுக்காரரை வரவழைத்து முதுகை மிதிக்க விடாதீர்கள், அதில் மேலும் நொறுங்கும். பிசியோதெரபியில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது என்று கற்றுக்கொடுத்தார்கள். அம்மா சீரியல் விளம்பரத்தில் செய்கிறார்.

விழாமல் இருப்பது மருந்தில் பாதி. கழிப்பறையில் கைப்பிடி, இரவு விளக்கு, தரையில் புரளாத கைலி, கண்புரைக்கு அறுவை. தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரையால் எழும்போது தலை சுற்றுகிறதா என்றும் கேளுங்கள்.

12 பிப்ரவரி 2025

நேற்றுத் தைப்பூசம். முதல் கேள்வி கேட்ட வாசகியை கல்லுமலைக் கோயிலில் பார்த்தேன். மாமியாரின் இடுப்பு -2.7. இரத்தத்தில் பாராதைராய்டு உயர்ந்திருந்ததாம், கால்சியமும் அதிகம். கழுத்துச் சுரப்பியில் சின்னக் கட்டி, அதற்கு அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எஃப்எம்எஸ் இரத்தம் எடுத்ததில் பிடித்தது. நேராகக் கால்சியம் மாத்திரையை அள்ளிக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்து எடுக்க மாதா மாதம் ஈப்போ போகவேண்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், ஆஸ்பத்திரி ஃபார்மசியில் எஸ்பியுபி என்று சொல்லிப் பதிந்தால் மீதி மருந்தைப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

20 பிப்ரவரி

இரண்டு சின்னப் பதில். மருந்தில் பல வருஷம் இருப்பவருக்குத் தொடையிலோ இடுப்பிலோ புதிதாக மந்தமான வலி வந்தால் உடனே எக்ஸ்ரே கேளுங்கள். தொடை எலும்பு குறுக்கே விரிசல் விடுவது அபூர்வம், ஆசியப் பெண்களிடம் சற்று அதிகம். மறு டெக்ஸா ஒன்றிரண்டு வருஷம் கழித்து, முடிந்தவரை அதே மெஷினில். மெஷின் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது.

பீடோர் அண்ணன் ரிப்போர்ட்டைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார், நன்றி. ஆனால் நான் கேட்டது இடுப்பு எண், நீங்கள் போட்டது குதிகால் மெஷின் சீட்டு, அதுவும் பால்மாவுத் தள்ளுபடிக் கூப்பனோடு. ஐசி நம்பர் வேறு முழுசாகத் தெரிகிறது, முதலில் அதை அழியுங்கள். கிளினிக்கில் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க எழுதிக்கொடுத்த அட்டவணையையும் சேர்த்துப் போட்டால், அதில் எந்த வாரத்தில் இருக்கிறீர்கள் என்று பார்க்கலாம்.